விபத்தை ஆராய்ந்த விமானி

விபத்து நேர்ந்தால் விதியென்று ஆறுதல் கொள்வது நம் வழக்கம். அந்த விதியையே விசாரணைக்கு உட்படுத்தியவர் அமெரிக்கராகிய ஹியூ டிஹேவன்.

1895-இல் பிறந்த இவர், முதல் உலகப்போரின்போது கனடாவில் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். 1917-இல் இவருடைய விமானம் மற்றொன்றுடன் மோதி வீழ்ந்தது. கால்கள் முறிந்தன, ஈரலும் கணையமும் கிழிந்தன. உயிர் மட்டும் தப்பியது. வயிற்றைச் சிதைத்தது இருக்கை வாரின் கூரிய கொக்கியே என்று பின்னர் உணர்ந்தார்.

50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து, 1942-இல் கட்டுரை வெளியிட்டார். மோதும் இடம் நெகிழ்ந்து கொடுத்து, விசை உடலெங்கும் பரவினால் மனிதன் பிழைப்பான் என்பதே அவர் கண்ட உண்மை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆராய்ச்சியை நடத்தினார். 1955-இல் ரோஜர் கிரிஸ்வால்டுடன் இணைந்து மும்முனை இருக்கை வாருக்குக் காப்புரிமை பெற்றார். 1980-இல் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினாவுக்கு இன்று விடை கூறுபவை சோதனைப் பொம்மைகள். காரின் முன்புறம் நசுங்க இடமுண்டு. பக்கவாட்டிலோ கதவின் கனமே காவல். முன்மோதலுக்கான பொம்மை அங்கே போதாது. எனவே, விலாவும் முதுகெலும்பும் படும் அதிர்ச்சியை அளக்கும் தனிப் பொம்மை 1979-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. இந்தியாவிலும் 2017 அக்டோபர் முதல் புதிய கார் மாதிரிகளுக்குப் பக்கமோதல் சோதனை கட்டாயமாயிற்று.

கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் குறுக்குச் சாலைகள் வந்து சேர்கின்றன. பக்கமோதல் நிகழ்வது பெரும்பாலும் இத்தகைய சந்திப்புகளில்தான். விதியை நோவதற்கு முன் கதவை ஆராய்வோம். அதுவே டிஹேவனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.