ஜாக்கெட், உள்பாவாடை, இடது தோளில் முந்தானை: இன்றைய சேலைக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் ஞானதாநந்தினி தேவி யார்?

ஆபீஸ் பொங்கல் விழாவோ, கல்லூரி ஃபேர்வெல்லோ, சேலை என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது ஒரே கட்டுதான். உள்ளே பாவாடை, மேலே ஜாக்கெட், முன்பக்கம் கொசுவம், இடது தோளில் முந்தானை. ரீல்ஸில் சொல்லித்தருவதும் இதைத்தான். ஏதோ ஆதிகாலத்திலிருந்தே எல்லாரும் இப்படித்தான் கட்டினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மடிசார், பின்கொசுவம் என்று நம்ம ஊர்ப் பாட்டிமார் கட்டிய முறைகளே வேறு. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிக் கட்டு இருந்தது.

அப்படியென்றால் இந்த ஒரு கட்டு எப்படி இந்தியா முழுக்கப் பரவியது? பதிலின் முக்கியமான ஒரு பகுதி 1860களின் கல்கத்தாவில் இருக்கிறது. அங்கே ஒரு இளம்பெண்ணுக்கு ரொம்ப சாதாரணமான ஒரு பிரச்சினை வந்தது. வீட்டை விட்டு வெளியே போக அவரிடம் உடுப்பே இல்லை. இத்தனைக்கும் அவர் வாழ்க்கைப்பட்டிருந்தது கல்கத்தாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றில்.

ஏழு வயதில் தாகூர் வீட்டு மருமகள்

ஞானதாநந்தினி 1850-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோர் பகுதியில், நரேந்திரபூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஏழெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை சத்யேந்திரநாத் தாகூர், பிரம்ம சமாஜத் தலைவர் தேவேந்திரநாத் தாகூரின் இரண்டாவது மகன். அப்போது ரவீந்திரநாத் பிறக்கவே இல்லை. பின்னாளில் உலகமே கொண்டாடிய கவிஞருக்கு இவர் அண்ணி.

ஜோராசாங்கோவில் இருந்த தாகூர் மாளிகை பெரியது. ஆனால் பெண்களுக்கு அதில் ஒரு பகுதிதான், அந்தப்புரம். அதைத் தாண்டி ஆண்கள் இருக்கும் பக்கம்கூட அவர்கள் சாதாரணமாக வர மாட்டார்கள். வங்காளத்தில் அன்று வசதியான வீட்டுப் பெண்களும் ஒரே ஒரு மெல்லிய சேலையை உடம்பில் சுற்றிக்கொள்வதுதான் வழக்கம். ஜாக்கெட் கிடையாது, உள்பாவாடை கிடையாது. அந்தப்புரத்துக்குள்ளேயே வாழ்க்கை முடிந்துவிடுகிறது என்றால் அது போதும். வெயிலுக்கும் இதமான உடை. யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

குறை தெரிந்தது சத்யேந்திரநாத்துக்கு. 1862-ல் ஐ.சி.எஸ். தேர்வுக்காக இங்கிலாந்து போனவர், அடுத்த ஆண்டே தேர்ச்சி பெற்றார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் இந்தியர் அவர்தான். லண்டனிலிருந்து மனைவிக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். நம் கல்யாணம் பெற்றோர் செய்துவைத்தது, நீ வளர்ந்து, படித்து, உன் விருப்பத்தோடு வந்த பிறகுதான் நாம் கணவன் மனைவியாக வாழ வேண்டும் என்பது அந்தக் கடிதங்களின் சாரம். மனைவியையும் இங்கிலாந்துக்கு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். தேவேந்திரநாத் மறுத்துவிட்டார். கொழுந்தன் ஹேமேந்திரநாத்திடம் தலையில் முக்காடு போட்டபடி பாடம் படிப்பது மட்டும் நடந்தது.

நண்பர் மனோமோகன் கோஷ் தன் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று சத்யேந்திரநாத்துக்கு ஆசை. வெளி ஆண் அந்தப்புரத்துக்குள் வர முடியாது, மனைவி வெளியே வர முடியாது. கடைசியில் ஒரு நாள் இரவு, நண்பரைத் திருட்டுத்தனமாக உள்ளே கூட்டிவந்து கொசுவலைக்குள் மனைவியின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். இருவரும் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்த வழியே நண்பரைத் திரும்பக் கூட்டிப்போனதோடு அந்தச் சந்திப்பு முடிந்தது. இன்று படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இந்தக் காட்சியில் யாரும் அந்தச் சின்னப் பெண்ணிடம் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. முற்போக்கான கணவரின் முடிவுக்கும் அவர் கட்டுப்பட வேண்டியிருந்தது.

தனியாகப் போட முடியாத உடை

1864-ல் சத்யேந்திரநாத் திரும்பி வந்தார். வேலை பம்பாய் மாகாணத்தில். இந்த முறை மனைவியை உடன் அழைத்துப்போக அப்பா ஒத்துக்கொண்டார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. கப்பலில், அந்நியர் நடுவே, என்ன உடுத்துவது?

கல்கத்தாவில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கடையில் ஆர்டர் கொடுத்தார்கள். கீழைநாட்டு உடை என்ற பெயரில் அவர்கள் தைத்துக் கொடுத்தது ஏகப்பட்ட சிக்கல்கள் கொண்ட ஒரு சமாச்சாரம். ஞானதாநந்தினியால் அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளவே முடியவில்லை. கணவர் உதவ வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து துறைமுகம் போவது அடுத்த சிக்கல். குதிரை வண்டியில் ஏற வேண்டுமென்றால் முற்றத்தைக் கடந்து நாலு பேர் பார்க்க நடந்து வர வேண்டும். அது குடும்பத்துக்கு அவமானம். அதனால் மூடிய பல்லக்கில் வைத்துக் கப்பல்வரை தூக்கிப்போனார்கள்.

பம்பாயில் சில மாதங்கள் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி சீர்திருத்தவாதியின் வீட்டில் தங்கினார்கள். பெண்களுக்காக ஆங்கிலப் பள்ளி தொடங்கியவர் அவர். அவருடைய மகள்கள் விருந்தாளிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சகஜமாகப் பேசினார்கள், வெளியே போய் வந்தார்கள். இத்தனையும் சேலை கட்டிக்கொண்டுதான்.

ஞானதாநந்தினி அந்தப் பார்சிக் கட்டைக் கற்றுக்கொண்டார். அப்படியே காப்பியடிக்கவில்லை. பார்சிப் பெண்கள் முந்தானையை வலது தோளில் போடுவார்கள். இவர் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார், வலது கை ஃப்ரீயாக இருக்கட்டும் என்று. கூடவே உள்ளே உள்பாவாடை, மேலே ஜாக்கெட், காலில் ஷூ. அந்த பிரெஞ்சு உடைக்கு இனி வேலையில்லாமல் போனது.

இணையத்தில் அடிக்கடி ஒரு கதை சுற்றும். ஜாக்கெட் இல்லாமல் போனதால் ஆங்கிலேயர் கிளப் வாசலில் ஞானதாநந்தினியைத் தடுத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் இந்த உடையை உருவாக்கினார் என்று. சினிமாவுக்கு நல்ல சீன். ஆனால் அவருடைய நினைவுக் குறிப்புகள் காட்டும் வழி, பயணமும் பிரெஞ்சு உடைபட்ட பாடும் பார்சி வீட்டில் கண்டதும்தான்.

கவர்னர் மாளிகையில் ஒரு மருமகள்

1866-ல் கல்கத்தா திரும்பியபோது பல்லக்கு இல்லை. ஜோராசாங்கோ வீட்டு வாசலில் வண்டியிலிருந்து மேம்சாகிப் மாதிரி இறங்கினார். வீடே துக்கவீடு போல ஆனது. வீட்டுப் பெண்களிலேயே பலர் அவரோடு கலந்து பழகத் தயங்கினார்கள்.

அதே ஆண்டு வைஸ்ராயின் விருந்துக்காக கவர்மென்ட் ஹவுஸுக்குப் போனார். அங்கே இருந்தவர்களில் சிலர் அவரைப் போபால் பேகம் என்றே நினைத்துவிட்டார்களாம். வங்காள வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. விருந்துக்கு வந்திருந்த உறவினர் பிரசன்ன குமார் தாகூருக்கு விஷயம் தெரிந்தபோது, வெட்கமும் கோபமுமாக அங்கிருந்து வெளியேறிவிட்டார். அப்போது ஞானதாநந்தினிக்கு வயது பதினாறு.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையில் பலரும் தாண்டிப்போகும் இடம். தனக்குக் கிடைத்த ஸ்டைலைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பாமாபோதினி பத்ரிகா என்ற பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், இந்த முறையில் சேலை கட்டக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குச் சொல்லித்தருகிறேன் என்று. பெண்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். பிரம்ம சமாஜக் குடும்பங்களில் வேகமாகப் பரவியதால் இந்தக் கட்டுக்கு 'பிரம்மிகா சேலை' என்று பெயர் வந்தது.

அந்தக் கட்டு அப்படியே மாறாமல் நம் அலமாரிக்கு வந்துவிடவில்லை. கூச் பிஹார் மகாராணி சுநீதி தேவி தோளில் முந்தானையை புரூச்சால் குத்திக்கொண்டார். இன்று அந்த இடத்தில் நம்மிடம் சேஃப்டி பின். தென்னிந்தியாவின் கொசுவக் கட்டுகளும் இதோடு கலந்தன. ஞானதாநந்தினிதான் நவீன சேலையையே கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. வெளியே போகும் பெண்ணுக்கான உடை என்ற யோசனைக்கு ஒரு முழு உருவம் கொடுத்தார் என்பது சரியாக இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பெண் வெளியே போக வழி செய்த ஜாக்கெட், ஒரு தலைமுறைக்குள் மரியாதையான பெண்ணின் அடையாளமாக மாறியது. மரியாதை பற்றிய அந்த எண்ணத்தில் விக்டோரியா கால இங்கிலாந்தின் கூச்சம் நிறையவே கலந்திருந்தது. ஜாக்கெட் போடாத கிராமத்துப் பெண்களும் உழைக்கும் பெண்களும் நாகரிகம் குறைந்தவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். அவர்கள் உடையில் எதுவும் மாறவில்லை, பார்ப்பவர்களின் கண்தான் மாறிவிட்டது.

மூன்று பிள்ளைகளோடு கடல் கடந்து

சேலையோடு கதையை முடித்துக்கொண்டால் ஞானதாநந்தினியின் துணிச்சலில் பாதிதான் தெரியும். 1877-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கணவர் கூட வரவில்லை. உடன் மூன்று சின்னக் குழந்தைகள், வயிற்றில் இன்னொன்று. இந்துக் குடும்பங்களில் ஆண்கள் கடல் தாண்டினாலே ஜாதியை விட்டுத் தள்ளிவைத்த காலம் அது.

லண்டனில் அவர்களை வரவேற்றவர் ஞானேந்திரமோகன் தாகூர். கவர்மென்ட் ஹவுஸிலிருந்து கோபத்தோடு வெளியேறினாரே பிரசன்ன குமார், அவருடைய மகன்தான். கிறிஸ்தவராக மாறியதால் அப்பாவோடு உறவு முறிந்தவர். துணையில்லாமல் ஒரு பெண் இப்படி வந்து இறங்கியதைப் பார்த்து அவரே அசந்துபோனார்.

பிறகு கடலோர நகரமான பிரைட்டனில் குடியிருந்தார்கள். அங்கே இருந்த காலத்தில் கடைசி மகன் கபீந்திரநாத் இறந்துபோனான். இங்கிலாந்தில் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுரேந்திரநாத், இந்திரா என்ற இரண்டு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள். சாகசப் பயணம் என்று எழுதுபவர்கள் இந்த இரண்டு மரணங்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். புரியாத ஊரில், சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல், இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் அதைத் தாங்கியவர் அவர்.

1878-ல் சத்யேந்திரநாத் விடுப்பில் வந்தபோது பதினேழு வயதுத் தம்பி ரவீந்திரநாத்தும் கூட வந்தார். வெளிநாட்டில் தடுமாறிய அந்தப் பையனுக்கு பிரைட்டனில் ஒரு வீட்டுச் சூழல் கிடைத்தது அண்ணியால்தான்.

சொந்த வீடு, சொந்தப் பத்திரிகை

1880-ல் ஊர் திரும்பினார்கள். பிறகு கல்கத்தாவில் ஞானதாநந்தினி எடுத்த முடிவு, ஜோராசாங்கோ கூட்டுக்குடும்பத்தில் இருக்காமல் தனி வீடு பார்த்துக்கொண்டது. இன்று தனிக்குடித்தனம் என்றால் சின்னச் சண்டையோடு முடியும். அன்று அது பெரிய முடிவு. ஆனால் உறவை வெட்டிக்கொள்ளவும் இல்லை. 1883-ல் ரவீந்திரநாத்துக்குக் கல்யாணமானபோது, கிராமத்திலிருந்து வந்த சிறுமி மிருணாளினியைப் பழக்கியெடுத்ததில் இவருக்கும் பங்கு உண்டு.

1885-ல் சிறுவர்களுக்காக 'பாலக்' என்ற பத்திரிகையைத் தொடங்கி அவரே ஆசிரியராக இருந்தார். பக்கங்களை நிரப்பும் வேலை பெரும்பாலும் ரவீந்திரநாத் தலையில். அவருடைய 'ராஜரிஷி' நாவல் தொடராக வந்தது இதில்தான். ஒரே வருடத்தில் பத்திரிகை இன்னொரு இதழோடு இணைந்துவிட்டது. குழந்தைகளுக்காக 'சாத் பாய் சம்பா' போன்ற நாடகங்களையும் ஞானதாநந்தினி எழுதினார்.

வீட்டில் நாடகங்களும் நடந்தன. ரவீந்திரநாத்தின் 'ராஜா ஓ ராணி'யில் ராஜா வேடம் ரவீந்திரநாத்துக்கு, ராணி வேடம் ஞானதாநந்தினிக்கு. கொழுந்தனும் அண்ணியும் மேடையில் கணவன் மனைவியா என்று ஊரில் பேச்சு கிளம்பியது, பத்திரிகையிலும் எழுதினார்கள். அதே நாடகத்தில் சத்யேந்திரநாத்தும் நடித்தார். மிருணாளினியும் நடித்தார். சம்பந்தப்பட்ட நாலு பேருக்கும் இல்லாத பிரச்சினை ஊருக்கு இருந்தது.

சத்யேந்திரநாத் 1923-ல் காலமானார். அதன்பிறகும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஞானதாநந்தினி, 1941 அக்டோபரில், 91 வயதில் இறந்தார். ரவீந்திரநாத் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல, மகள் இந்திரா தேவி எழுதிவைத்த நினைவுகள் 'புராதனி' என்ற வங்காளப் புத்தகத்தில் இருக்கின்றன. கொசுவலைக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரவும், தனியாகப் போட முடியாத பிரெஞ்சு உடையும் நமக்குத் தெரியவந்தது அப்படித்தான்.