காற்றைக் காய வைத்தவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. சிவந்த மேடு, அதன் மேல் கலங்கரை விளக்கம், கீழே பெரிய பெரிய பாறைகள், அந்தப் பக்கம் மீன்பிடித் துறைமுகம். பார்க்க அழகான ஊர்தான். ஆனால் அந்த ஊர் அம்மாக்களைக் கேட்டால் ஒரு குறை சொல்வார்கள். காலையில் சுட்ட முறுக்கு, டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் மாலைக்குள் நமத்துப் போகும். ஜாடியில் உப்பு நீர்த்து நிற்கும். துணி துவைத்துப் போட்டால் லேசில் காயாது. எல்லாம் கடல் காற்றில் இருக்கும் ஈரம் செய்யும் வேலை.

இதே தமிழ்நாட்டில் சிவகாசியில் நிலைமை நேர் எதிர். அங்கே காற்று வறண்டது. அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும், காலண்டர் அச்சடிக்கும் தொழிலும் அங்கே நன்றாக வளர்ந்தன. காகிதத்துக்கு ஈரம் ஆகாது!

முட்டத்துக் காற்றை ஒரு கட்டடத்துக்குள் மட்டும் சிவகாசிக் காற்றாக மாற்ற முடியுமா? முடியும் என்று 1902-ஆம் ஆண்டிலேயே காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லிஸ் கேரியர். சைக்கிள் கேரியர், டிபன் கேரியர் எல்லாம் வேறு! ஏ.சி. பெட்டிகளில் கேரியர் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த மனிதரின் பெயர்தான்.

இப்போது அவரைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கரையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்றைக்குக் கடைகளில் 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' என்று ஒரு பெட்டி விற்கிறது. சூட்கேஸ் அளவுதான். உள்ளே லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கும். சுவரில் இருப்பது போலவே அதிலும் பிளக் செருகலாம். கரண்ட் இல்லாத நாளில் இந்தப் பெட்டியை வைத்து வீடு முழுவதையும் குளிர வைக்கும் சென்ட்ரல் ஏ.சி.யை ஓட்ட முடியுமா? பதில் கேரியரின் கதைக்குள் இருக்கிறது.

கேரியர் 1876 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அங்கோலா என்ற சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் அவருக்குப் பின்னக் கணக்கு சுத்தமாகப் புரியவில்லை. அவருடைய அம்மா என்ன செய்தார் தெரியுமா? கூடை நிறைய ஆப்பிளை எடுத்து வரச் சொன்னார். ஒன்றை இரண்டாக வெட்டச் சொன்னார், இன்னொன்றை நான்காக, மற்றொன்றை எட்டாக. அந்தத் துண்டுகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்ததில் சிறுவனுக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. பிற்காலத்தில் எந்தப் பெரிய சிக்கல் வந்தாலும் அதைத் துண்டு துண்டாக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. அந்த அம்மா, கேரியருக்கு 11 வயதாகும்போதே இறந்துவிட்டார்.

வீட்டில் பண வசதி இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சில காலம் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு போட்டித் தேர்வில் உதவித்தொகை பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்குக் கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொண்டே படித்து, 1901-இல் பொறியாளர் ஆனார். பஃபலோ நகரில் ஊதுகாற்றுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 10 டாலர் சம்பளம்.

அடுத்த ஆண்டே அந்தப் பிரச்சினை வந்தது. புரூக்ளினில் ஓர் அச்சகம். வண்ணப் படம் அச்சிட ஒரே காகிதத்தை மறுபடி மறுபடி இயந்திரத்தில் விட வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஒரு நிறம். கோடைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் துளி விரியும். இறங்கினால் சுருங்கும். முதல் நாள் அடித்த சிவப்புக்கும் மறுநாள் அடித்த நீலத்துக்கும் இடம் பொருந்தாது. படத்தில் இருக்கும் ஆளுக்கு உதடு ஓரிடம், உதட்டுச் சாயம் வேறிடம்! கட்டுக் கட்டாகக் காகிதம் வீணானது.

கேரியருக்கு அப்போது 25 வயது. அறைகளைச் சூடாக்க நீராவி ஓடும் குழாய்களை எடுத்தார். நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த தண்ணீரை அவற்றில் ஓட விட்டார். அவற்றின் மேல் காற்றை ஊதினார். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது அல்லவா? அது டம்ளரின் வியர்வை அல்ல, காற்றில் இருந்த தண்ணீர். அதே போலக் குழாய்களின் மேல் காற்றின் ஈரம் தண்ணீராக மாறிச் சொட்டியது. அந்த அச்சகத்தில் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிறுத்துவதே அவர் போட்ட திட்டம். அதற்கான வரைபடங்கள் 1902 ஜூலை 17 என்று தேதியிடப்பட்டவை. ஏ.சி.யின் பிறந்தநாள் என்று பலரும் சொல்வது அந்த நாளைத்தான். ஆக, முதல் ஏ.சி. மனிதர்களுக்காகச் செய்யப்படவில்லை, காகிதத்துக்காகச் செய்யப்பட்டது!

அந்த இயந்திரம் ஒரு நாளில் எடுத்த வெப்பம், 1,08,000 பவுண்டு ஐஸை உருக்கப் போதுமானது. அதாவது ஏறக்குறைய 49,000 கிலோ. முட்டம் துறைமுகத்தில் மீன் கெடாமல் இருக்க ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டிகளில் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய மலை என்று புரியும். இன்றும் கடைக்காரர் ஒரு டன் ஏ.சி., ஒன்றரை டன் ஏ.சி. என்கிறாரே, அந்த டன் ஏ.சி.யின் எடை அல்ல. 24 மணி நேரத்தில் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸை உருக்கும் அளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்று அர்த்தம்.

அந்த ஆண்டின் கடைசியில் ஒரு மாலை. பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கேரியர் ரயிலுக்குக் காத்திருந்தார். நடைமேடையை மூடுபனி சூழ்ந்திருந்தது. நாமாக இருந்தால் ரயில் தாமதமாகுமே என்று சலித்துக்கொள்வோம். அவருக்கோ வேறு யோசனை. பனிமூட்டத்தில் காற்று முழுக்க ஈரம்தான். ஆனாலும் குளிராக இருப்பதால் அந்தக் காற்றால் கொஞ்சம் தண்ணீரைத்தான் சுமக்க முடியும். அப்படியானால் குளிர்ந்த தண்ணீரைத் தூவி, அதற்குள் காற்றைச் செலுத்தினால், கூடுதல் ஈரத்தைக் காற்று அங்கேயே விட்டுவிட்டு வரும் அல்லவா? தண்ணீரைத் தெளித்துக் காற்றைக் காய வைப்பது! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த யோசனைக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது. எந்தச் சூட்டில் காற்று எவ்வளவு ஈரம் தாங்கும் என்ற கணக்குகளை 1911-இல் அவர் வெளியிட்டார். பொறியாளர்கள் இன்றும் அந்த வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

அதில் வரும் ஒரு கருவியை நீங்களும் செய்து பார்க்கலாம். அறையின் சூட்டைக் காட்டும் இரண்டு வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். சிவகாசியில் ஈரத்துணி வெப்பமானி நன்றாக இறங்கும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப் போகும். முட்டத்தில் அவ்வளவு இறங்காது. நம் உடம்பும் அப்படித்தான். வியர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரியை நெருங்கினால், உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் தவிக்கும். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது உயிருக்கே ஆபத்து.

முதல் உலகப் போர் தொடங்கியதும் நிறுவனம் குளிர்சாதன வேலையைக் கைவிட முடிவு செய்தது. கேரியரும் உடன் வேலை பார்த்த ஆறு பொறியாளர்களும் கையிலிருந்த பணத்தைப் போட்டு 1915-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள்.

வீடுகளுக்கு ஏ.சி. வந்த கதையும் வேடிக்கைதான். 1914-இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு பணக்காரரின் மாளிகையில் பொருத்திய இயந்திரம் சுமார் 7 அடி உயரம், 20 அடி நீளம்! வீட்டுக்காரர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அது ஒரு நாளாவது ஓடியதா என்பதே சந்தேகம் என்கிறார்கள்.

அன்றைய குளிர் இயந்திரங்களில் அம்மோனியா வாயு ஓடியது. கசிந்தால் மூச்சு முட்டும். 1922-இல் கேரியர் ஆபத்து குறைந்த திரவத்தில் ஓடும், அளவில் சிறிய புதுவகை இயந்திரத்தை அறிமுகம் செய்தார். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் அதைப் பொருத்தப் போனபோது, பாதுகாப்பு அதிகாரி அனுமதி தரவில்லை. கேரியர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் திரவத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதிகாரியின் கண் முன்னால் எரியும் தீக்குச்சியை அதில் போட்டார். வெடிக்கவில்லை! (நீங்கள் இதை எந்தத் திரவத்திலும் செய்யக் கூடாது.) திறப்பு நாளில் இயந்திரம் தாமதமாகத்தான் தொடங்கியது. கூட்டம் முழுவதும் கைவிசிறியோடு புழுங்கியது. குளிர் பரவப் பரவ விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. அதன் பிறகு கோடையிலும் திரையரங்குகள் நிரம்பின.

இத்தனை கணக்கு தெரிந்தவர் சொந்தக் காரியத்தில் மறதிக்காரர். ஒரு முறை பெரிய பெட்டியோடு வெளியூர் போய்த் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை இருந்ததாம்! 1928-இல் அவருடைய நிறுவனம் வீட்டுக்கான இயந்திரம் கொண்டு வந்தது. மறு ஆண்டே பொருளாதார மந்தம் வந்து விற்பனை படுத்துவிட்டது. வீடுகளில் ஏ.சி. பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதை முழுமையாகப் பார்க்க அவர் இல்லை. 1950 அக்டோபர் 7 அன்று, 73-ஆவது வயதில் காலமானார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகிறது. கூடவே காற்றின் தண்ணீரையும் பிழிகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழியவே சுமார் கால் யூனிட் மின்சாரம் வேண்டும். முட்டம் போன்ற ஊரில் அதற்கே கணிசமான தெம்பு போய்விடும்!

வீடு முழுவதற்குமான 3 டன் சென்ட்ரல் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய 3 யூனிட் தேவை. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பவர் ஸ்டேஷனில் இருப்பது சுமார் 2 யூனிட். இடையில் வீணாவதையும் கழித்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். அதற்கு முன்பே இன்னொரு தடை உண்டு. நின்றுபோன மாட்டு வண்டியை முதல் முறை நகர்த்துவதுதானே கஷ்டம்? கம்ப்ரசர் மோட்டாரும் அப்படித்தான். கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பெட்டி பயந்துபோய்த் தன்னையே அணைத்துக்கொள்ளும். மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினாலோ, கம்ப்ரசர் படிப்படியாக வேகம் எடுக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.யாக இருந்தாலோ இந்தத் தடை குறையும். பெரிய பெட்டிகளையும் கூடுதல் பேட்டரிகளையும் சேர்த்தால் சென்ட்ரல் ஏ.சி.யைக்கூட ஓட்டலாம். ஆனால் பேட்டரி நிறைய இருந்தால்தான் நேரம் நீளும். விலையும் அதே வேகத்தில் ஏறும்.

அதே 2 யூனிட்டில் 75 வாட் மின்விசிறி ஒன்று ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றும். அல்லது பாட்டி படுத்திருக்கும் ஓர் அறையை மட்டும் மூடி, சின்ன இன்வெர்ட்டர் ஏ.சி.யை இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டலாம். புயல் நாளில் எது முக்கியம் என்று வீட்டில் பேசி வையுங்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். வாட்-அவர் என்று ஓர் எண் இருக்கும். 1,000 வாட்-அவர் ஒரு யூனிட். ஆனால் அந்தப் பெட்டியின் மின்சாரத்தை ஒயர் வழியாகச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டுக்குள் செலுத்தி வீடு முழுவதற்கும் தர யாராவது முயன்றால், உடனே தடுத்துவிடுங்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கும் ஏறும். ஒக்கிக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, சாய்ந்த கம்பங்களை நட்டுக் கம்பி கட்டினார்கள். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைப்பவர் அவர்தான். எலக்ட்ரீஷியனை அழைத்து, தெரு இணைப்பை முழுதாகத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்ட பிறகே பெட்டியை வீட்டு ஒயரிங்கில் இணைக்க வேண்டும்.