வீணை சண்முகவடிவு அம்மையார்

எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலைக் கேளாத தமிழர் மிக அரியர். விடியற்காலையில் அக்குரலோடு கண்விழிக்கும் இல்லங்கள் நம் நாட்டிலும் பல உண்டு. ஆயினும் அப்பெயரின் முன்னுள்ள எழுத்துக்கள் யாவை என்பதை நம் இளைஞருட் பலர் எண்ணிப் பார்த்திரார். முதலாவது மதுரையைக் குறிப்பது. மற்றையது தந்தையின் பெயரன்று. தாயாராகிய சண்முகவடிவு அம்மையாரின் பெயர். அவ்வம்மையாரின் வரலாற்றையே இங்கு எழுத முற்பட்டோம்.

கோயிலையும் இசையையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசி மரபிலே வந்தவர் சண்முகவடிவு. அவர் அன்னை அக்கம்மாள் வயலின் வாசிப்பவர். இவரோ வீணையிற் சிறந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையில் அமைந்த சிறு வீட்டிலே சக்திவேல், சுப்புலட்சுமி, வடிவாம்பாள் என்னும் மூன்று மக்களையும் வளர்த்தார். மகனுக்கு மிருதங்கம், இளைய மகளுக்கு வீணை, நடுவிற் பிறந்த குஞ்சம்மாவுக்கு வாய்ப்பாட்டு என வீடு முழுவதும் நாதமாகவே இருந்தது. சுவாமி வீதியுலா வரும்போது நாதசுரக்காரர் அவ்வீட்டின் முன் நின்று வாசித்துச் செல்வதுண்டு. செல்வம் அங்கு இருக்கவில்லை. வீணையே சோறிட்டது.

மகள் முதன்முதல் மேடையேறிய கதை சுவையானது. மதுரைச் சேதுபதி பாடசாலையில் அம்மையார் வீணை வாசித்துக் கொண்டிருந்தார். சிறுமியோ வெளியே மண்ணிலே விளையாடிக் கொண்டிருந்தாள். யாரோ தூக்கி வந்து, கையிலும் பாவாடையிலும் இருந்த மண்ணைத் தட்டி, தாயின் அருகே அமர்த்தினர். பாடு என்றார் தாய், பாடினாள். கைதட்டலைவிட விட்டுவந்த மண் விளையாட்டிலேதான் அவள் நெஞ்சம் இருந்ததாம்! 1926 ஆம் ஆண்டு, மகளுக்குப் பத்து வயதாகையில், அவள் பாட்டு கிராமபோன் இசைத்தட்டாக வெளிவந்தது. அதற்கு வீணை வாசித்தவரும் அன்னையே. பின்னர் மகளின் எதிர்காலத்தைக் கருதிக் குடும்பத்தோடு சென்னைக்கும் சென்றார்.

இனிச் சொல்லப் போவது சற்றுத் துயரமானது, மறைத்தல் முறையன்று. அம்மரபுப் பெண்களுக்கு முறையான திருமணம் அரிதாயிருந்த காலம் அது. செல்வர் ஒருவரின் ஆதரவே காப்பு எனக் கருதிய தாய், மகளுக்கும் அத்தகைய ஏற்பாட்டையே நாடினார். மகள் உடன்படவில்லை. 1936 இல் தாய் வீட்டை விட்டுச் சென்னைக்குத் தனியே புறப்பட்டுவிட்டார். 1940 இல் தியாகராஜ சதாசிவத்தை மணந்தார். தாயைக் கடிந்துரைப்பார் உளர். நாம் அவ்வாறு செய்யமாட்டோம். தாம் அறிந்த ஒரே வழியை அவர் காட்டினார். அவ்வழியை மறுக்கும் துணிவு மகளுக்கு இருந்தது. அத்துணிவையும் அந்த வீட்டிலேதானே அவர் பெற்றிருத்தல் வேண்டும்? பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் ஒழித்தது 1947 இலேதான்.

பிரிந்து சென்ற மகள் மீராவாகத் திரையில் தோன்றி நாடெங்கும் புகழெய்தினார். 1954 இல் பத்மபூஷண் விருதும் வந்தது. அத்தனைக்கும் தாயின் பெயரெழுத்தை அவர் தம் பெயரிலிருந்து நீக்கினாரில்லை.

சண்முகவடிவு அம்மையார் 1962 இல் இறைவனடி சேர்ந்தார். மகள் எடின்பரோ விழாவிற் பாடியது அதற்கடுத்த ஆண்டு. ஐக்கிய நாடுகள் சபையிற் பாடியது 1966 இல்.