பார்னார்டும் பால்வழியும்

வானநூல் வல்லாருட் பலர் செல்வக்குடியிற் பிறந்து, சிறந்த கல்லூரிகளிற் பயின்று, வேண்டிய கருவிகளைக் கேட்ட மாத்திரத்திற் பெற்றவர் ஆவர். எட்வர்டு எமர்சன் பார்னார்டு அவருள் ஒருவரல்லர். அமெரிக்காவின் தென்பகுதியிலே, டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரில், 1857-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் அவர் பிறந்தபோது தந்தையார் உயிரோடிருந்திலர். அன்னையார் எலிசபெத்து இரண்டு ஆண்மக்களையும் மிடிமையின் நடுவே தனித்து வளர்த்தனர். உள்நாட்டுப் போர் அந்நகரை வாட்டிற்று. போர் ஓய்ந்த மறு ஆண்டிலே வாந்திபேதி பரவிற்று. அந்நோய் சிறுவரையும் பற்றி விட்டது, அரிதிற் பிழைத்தனர். அவர் பள்ளியிற் கற்றது ஏறக்குறைய இரண்டு திங்களே. அவருக்கு எழுத்தறிவித்த ஆசான் அன்னையாரே. பாடநூல் பெரும்பாலும் வேதாகமமே.

ஒன்பது வயது நிரம்பு முன்னரே அச்சிறுவர் நிழற்படம் பிடிக்கும் கடையொன்றிற் கூலிக்கமர்ந்தனர். சிறுபடங்களைப் பெரிதாக்குதற்கு அக்கடையின் மேன்மாடத்திலே பெரியதொரு கருவி நிறுவப்பட்டிருந்தது. மின்விளக்கில்லாத அந்நாளிற் கதிரவன் ஒளியே அதற்கு விளக்கு. கதிரவனோ ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆதலின், அஃது இயங்குந்தோறும் சக்கரங்களைக் கையாற் சுழற்றிக் கருவியின் முகத்தை அதன்பால் வைத்துக் கொண்டேயிருத்தல் வேண்டும். முன்னர் அவ்வேலைக்கு வந்த சிறுவரெல்லாம் வெயிலின் அயர்வால் உறங்கி விட்டனராம். பார்னார்டு உறங்கவில்லை. நகரத்து ஆலயமணி நண்பகலை அறிவிக்கும் வேளையிற் கதிரவன் சில நாள் முந்தியும் சில நாள் பிந்தியும் நிற்றலை ஒருவர் சொல்லாமலே அவர் கண்டறிந்தார். அக்கருவிக்கு வியாழன் எனக் கடைக்காரர் பெயரிட்டிருந்தனர். பின்னாளில் அவரை உலகறியச் செய்ததும் வியாழனே என்பது வியப்புக்குரியது.

பதினேழு ஆண்டுகள் அக்கடையில் உழைத்தார். இடையில், சிறு கடன் வாங்கிய ஒருவர் ஈடாக விட்டுச் சென்ற நூல் அவர் கைக்கு எட்டிற்று. அது தாமஸ் டிக் என்னும் ஸ்காத்துலாந்து அறிஞர் எழுதிய வானநூல். இரவிலே வீடு திரும்பும் வழியில் நாடோறும் தாம் நோக்கி வந்த விண்மீன்களின் பெயர்களை அதிலுள்ள படங்களால் அவர் அறிந்து கொண்டார். பின்னர் 380 தாலர் கொடுத்து ஐந்தங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். அத்தொகை அவருடைய ஓராண்டு ஊதியத்தில் மூன்றில் இரு பங்கு! தாயையும் காத்துக்கொண்டு இவ்வளவு பொருளைச் சேர்த்தற்கு எத்துணை வேளை உணவைக் குறைத்தனரோ, அறியோம்.

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியற் கழகத்தார் நாஷ்விலிற் கூடினர். தலைசிறந்த வானநூற் பேராசிரியராகிய சைமன் நியூகம் என்பாரை இளைஞர் அணுகித் தமக்கு வழிகாட்டுமாறு வேண்டினார். கணிதம் அறியாதான் வானத்தில் ஆவதொன்றுமில்லை என்றும், வால்நட்சத்திரம் தேடுவதாயின் தேடிப் பார்க்கலாம் என்றும் நியூகம் கூறிவிட்டார். இளைஞர் ஆங்கோர் தூணின் பின்னே மறைந்து நின்று கண்ணீர் உகுத்தனர். அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. எம் வகுப்பிலிருப்போர் வயதே. நியூகம் கூறியது கடுமையாயினும் பொய்யன்று என்பதே எம் கருத்து. பார்னார்டும் அதனைப் பகைமையாகக் கொள்ளாது, ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கணிதங் கற்கத் தொடங்கினார், வால்நட்சத்திரத்தையும் விட்டிலர்.

புதிய வால்நட்சத்திரம் கண்டுபிடிப்பார்க்கு 200 தாலர் பரிசளிப்பதாக வார்னர் என்னும் மருந்து வணிகர் அந்நாளில் அறிவித்திருந்தார். 1881-இற் பார்னார்டு முதற்பரிசு பெற்றார். அவ்வாண்டே ரோடா கால்வெர்ட்டு என்னும் ஆங்கில நங்கையை மணந்து, கடன்பட்டுச் சிறுவீடொன்று கட்டினார். கடன் தவணை வருந்தோறும் ஒரு வால்நட்சத்திரம் வந்து உதவிற்று. அதனால் அவ்வீட்டுக்கு வால்நட்சத்திர வீடென்றே பெயராயிற்று. 1883-இல் வாந்தர்பில்டு பல்கலைக்கழகத்தார் அவரை அழைத்து, வானாய்வுச் சாலையை ஒப்புவித்துப் படிக்கவும் வைத்தனர். 1888-இல் கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலைமேல் லிக்கு வானாய்வுச் சாலை திறக்கப்பட்டபோது அதன் அறிஞருள் ஒருவரானார். அங்கே 1892 செப்தம்பர் 9-ஆம் நாள் 36 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனின் ஐந்தாந் திங்களைக் கண்டனர். 1610-இற் கலிலேயோ கண்ட நான்கின் பின்னர் 282 ஆண்டுகள் கழித்துத் தோன்றியது அது.

எனினும் யாம் பெரிதாக மதிப்பது அத்திங்களையன்று. சான்பிரான்சிஸ்கோ நகரில் மனிதர் முகங்களைப் படம் பிடித்துப் பழகிய ஆறங்குலக் கண்ணாடிவில்லை ஒன்று லிக்குச் சாலைக்கு வந்து சேர்ந்தது. அதனை ஒரு மரப்பெட்டியிற் பொருத்தித் தொலைநோக்கியோடு பிணைத்து, 1889-ஆம் ஆண்டு கோடையிற் பார்னார்டு பால்வழியைப் படம் பிடித்தார். ஒரு தகட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் குறித்த ஒரு விண்மீனைக் குறுக்கிழையின் மீது நிறுத்தி, கருவியைக் கையால் நகர்த்திக் கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு நொடி அயர்ந்தாலும் விண்மீன்கள் புள்ளியாகாமற் கோடாகிவிடும். கதிரவனைத் துரத்திய சிறுவரே இதற்கு ஏற்றவர் அல்லரோ? பால்வழியின் முகிற்குவைகளும் கரிய வாய்க்கால்களும் அத்தகட்டில் முதன்முறையாகத் தெளிவுற விளங்கின.

1894 அக்தோபரில், மாயவிளக்கிற் பயன்படும் ஒன்றரை அங்குல வில்லையொன்றால் மிருகசீரிட மண்டலத்தைப் படம் பிடித்தார். அம்மண்டலத்தை அணைத்தாற்போல் ஒரு பெரிய வளைமுகில் தகட்டிலே தோன்றிற்று. 1889-இலேயே பிக்கரிங்கு என்பார் அதனைப் படத்திற் கண்டிருந்தும், பெயர் பார்னார்டு வளையம் என்றே நின்றது. அம்முகில் பெரும்பாலும் ஐதரசன் வாயு. அது விடும் செவ்வொளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். பார்னார்டின் தகடுகளோ நீலத்தை உணர்ந்தனவேயன்றிச் செந்நிறத்தை உணர்ந்தில. ஆகவே அம்முகிலின் சிறந்த ஒளியெல்லாம் அவர் தகட்டிற் பதியாமலே போயிற்று. எஞ்சிய மெல்லொளியைக் கொண்டே அவர் அதனைக் கண்டார். இக்காலத்தார் அச்செவ்வொளியைச் சூழ்ந்த சில நானோமீட்டர் அகலக் கீற்றை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் வடிகண்ணாடியைப் பொருத்தி, விளக்கொளி மிக்க நகரத்து மாடியிலிருந்தும் அவ்வளையத்தைப் படமாக்குகின்றனர்.

இனிக் கரிய இடங்களைப் பற்றிய செய்தி. பால்வழியிற் காணும் இருட்பகுதிகள் விண்மீனில்லாத வெற்றிடங்கள் என்றே பார்னார்டு நெடுநாள் கருதினார். வில்லியம் ஹெர்ஷல் முதலிய முன்னோர் கருத்தும் அதுவே. அவை ஒளியை மறைக்கும் பொருளாகலாம் என்று 1894-இல் ரான்யார்டு என்பார் எழுதியும் பார்னார்டு உடன்பட்டிலர். தம் படங்களே தமக்கு மாறாகச் சான்று கூறியபோதும் இருபது ஆண்டளவு தயங்கினர். இத்தயக்கத்தைச் சிலர் குறையென்பர். ஒரு தகட்டை நம்பிக் கொள்கையை மாற்றாது பல தகடுகளை வேண்டி நின்றதாகவே எமக்குத் தோன்றுகிறது. 1913-ஆம் ஆண்டுக் கோடையில் நிலவில்லாத தெளிந்த இரவொன்றிலே, சிறு மேகத்துண்டுகள் சில பால்வழியின் குறுக்கே மிதந்து செல்வதை அவர் நோக்கினார். ஒளிமிக்க பின்புலத்தின்மேல் அவை மையிட்டாற்போற் கருத்துத் தோன்றின. தம் தகடுகளிற் கண்ட கரும்புள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை காணல் அரிதாயிற்று. 1919-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 கரிய பொருள்கள் இடம்பெற்றன. அவற்றுள் 33-ஆவது, செம்முகிலின்முன் குதிரைத்தலை போல நிற்பது. 1888-இல் எடுத்த தகடொன்றில் அதனை முதலிற் கண்டவர் வில்லியமினா பிளெமிங்கு என்னும் அம்மையார். அவை தூசியும் குளிர்ந்த வாயுவும் செறிந்த முகில்கள் என்றும், விண்மீன்கள் பிறக்கும் இடங்கள் என்றும் பின்வந்தோர் தெளிந்தனர்.

1895-இல் யெர்க்சு வானாய்வுச் சாலைக்குச் சென்றவர் இறுதிவரை அங்கேயே இருந்தார். காதரின் புரூசு என்னும் அம்மையார் ஈந்த 7,000 தாலரால் 1904-இற் பத்தங்குல நிழற்படக் கருவி அமைந்தது. மறு ஆண்டு அதனை வில்சன் மலைக்குக் கொண்டுசென்று தம் மிகச்சிறந்த படங்களை எடுத்தார். 1916-இல் விண்மீன்களுள் மிக விரைந்து இடம்பெயர்வதாகத் தோன்றும் ஒன்றையும் கண்டார். அஃதும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தம் படங்களை ஒரு நூலாக்குதற்கு அவர் பட்ட பாடு பெரிது. அச்சில் நுண்மை கெடும் என்றஞ்சி, உண்மை நிழற்படங்களையே நூலில் ஒட்டுதல் வேண்டும் எனத் துணிந்தார். 700 படிகளுக்கு 35,700 படங்கள் ஆயின. அவை அனைத்தையும் ஒவ்வொன்றாகத் தாமே பார்த்துத் தேர்ந்தனர். நூல் முற்றுமுன், 1923 பெப்ரவரி 6-ஆம் நாள் உயிர் நீத்தார். எஞ்சிய பணியை அவர் மனைவியாரின் உறவினரான மேரி கால்வெர்ட்டு அம்மையாரும் சாலைத் தலைவர் எட்வின் பிராஸ்டும் மேற்கொண்டு 1927-இல் நூலை வெளியிட்டனர். அப்போது பிராஸ்டு இருகண்ணும் இழந்திருந்தார். அவர் பதிப்பித்த அப்படங்களை அவராற் காண இயலவில்லை.