சிறுமலர் தெரேசம்மாளின் கடைசிப் பதினெட்டு மாதங்கள்

பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. ஆனால் தாம் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்தபின் அவர் கடந்துவந்த நாட்களைப் பலர் அறியார். நோயாளிகள் இல்லாத பங்கு ஏது? ஆகவே இந்த யூபிலி மலரில் அதைச் சொல்வது தகும்.

1873 ஜனவரி 2-ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழிலாளி. தாய் செலி லேஸ் தொழில் நடத்தியவர். தாய்க்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டதென 1876 இறுதியில் மருத்துவர் சொல்லிவிட்டார். மறு ஆண்டு மூத்த பெண்கள் மூவரோடு லூர்து நகருக்குத் திருயாத்திரை போனார். குணமாகவில்லை. 1877 ஆகஸ்டு 28-இல் இறந்தபோது தெரேசாவுக்கு வயது நான்கு. அற்புதம் கிடைக்காமல் லூர்திலிருந்து திரும்பிய அந்தத் தாயையும், அவருடைய கணவரையும் திருச்சபை 2015-இல் புனிதராக உயர்த்தியது.

தெரேசா 15 வயதில் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் ஆயின.

1896, பெரிய வியாழன் இரவு. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவருக்கு மார்பிலிருந்து ஏதோ பொங்கி வாய்க்கு வந்தது. விளக்கை ஏற்றிப் பார்க்க ஆசைதான். ஆயினும் அடக்கிக்கொண்டு உறங்கிவிட்டார். விடிந்தபின் ஜன்னலருகே கைக்குட்டையைப் பார்த்தார். இரத்தம்! காசநோய்க்கு அன்று மருந்தில்லை. ஸ்டிரெப்டோமைசின் வந்தது 1943-இல்தான். அவரோ மணவாளன் அழைக்கிறார் என்று மகிழ்ந்தார். பெரிய வெள்ளியின் ஒருசந்தியையும் விடவில்லை.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அதே பாஸ்கு நாட்களில் அவர் ஆன்மாவில் இருள் சூழ்ந்தது. மோட்சம் என்பதே வீண் கற்பனையோ, சாவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லையோ என்ற எண்ணம் இரவும் பகலும் அவரை வாட்டியது. மோட்ச இன்பத்தைப் பற்றி அவர் எழுதிய பாடல்களைப் படித்த சகோதரிகள், அவர் ஆறுதலில் மூழ்கியிருப்பதாக எண்ணினார்கள். தாம் உணர்ந்ததை அல்ல, விசுவசிக்க விரும்பியதையே பாடியதாக அவர் மடத்துத் தாயாருக்கு எழுதி வைத்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி மார்பில் வைத்துக்கொண்டார். கடவுள் இல்லை என்போர் உண்மையில் அப்படி நினைப்பதில்லை என்றே அவர் முன்பு எண்ணியிருந்தார். இப்போதோ அவர்களைச் சகோதரர்கள் என்று கருதி, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து அந்தக் கசப்பான உணவை உண்ணச் சம்மதித்தார்.

நம் வீடுகளில் இத்தகைய நோய் வந்தால், நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று குருவின் வாயையும் அடைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்ததைப் பேச ஆளில்லாமல் தவிக்கிறார். தெரேசாவுக்கோ அருகிலிருந்த அக்காள்மாரிடம் பேச முடிந்தது. அவர் சொன்னவற்றை அக்காள் ஆக்னஸ் தாயார் நாள்தோறும் குறித்து வைத்தார்.

1897-இல் உடல் வெகுவாகத் தளர்ந்தது. தினமும் தோட்டத்தில் சற்று நடக்கும்படி நோயாளிகளைக் கவனித்த சகோதரி சொல்லியிருந்தார். இப்படிச் சிரமப்பட்டு ஏன் நடக்க வேண்டும் என்று ஒரு சகோதரி இரங்கியபோது, எங்கோ தூரதேசத்தில் களைத்துப்போன ஒரு போதகருக்காக நடப்பதாகச் சொன்னார். மடத்தைவிட்டு வெளியே போகாத இவரை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி என்று திருச்சபை 1927-இல் அறிவித்தது இதனால்தான் போலும்!

ஜூலை 8-இல் நோயாளி அறைக்குக் கொண்டு போனார்கள். பேனா பிடிக்க முடியாமல் பென்சிலால் எழுதிய வரலாறு பாதியில் நின்றது. மார்ஃபின் ஊசி போட மடத்துத் தாயார் இசையவில்லை. ஆகஸ்டு 19-இல் நற்கருணை வாங்கியதே கடைசி. குருத்துவத்தையும் திருச்சபையையும் விட்டகன்ற ஒருவருக்காக அதை ஒப்புக்கொடுத்தார். பின்னர் வாந்தியின் மிகுதியால் அந்த ஆறுதலும் இல்லை. வேதனை எல்லை கடந்தபோது, இப்படித் துன்புறுவோர் அருகில் விஷ மருந்துகளை வைக்காதீர்கள் என்றும், விசுவாசம் இல்லாதிருந்தால் தாமே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். புனிதையின் வாயில் இப்படியா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. இதே எண்ணத்தோடு படுத்திருப்பவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவர்கள் யாரிடம் சொல்வார்கள்?

அவர் எழுதியவற்றை ஆக்னஸ் தாயார் திருத்தி 1898-இல் நூலாக வெளியிட்டார். திருத்தாத கையெழுத்துப் பிரதிகள் 1956-இல்தான் வெளிவந்தன.

செப்டம்பர் 30 மாலை, சகோதரிகள் சூழ்ந்து முழந்தாளிட்டிருக்க, கையில் பாடுபட்ட சுரூபத்தைப் பற்றியபடி, தேவனை நேசிப்பதாகச் சொல்லித் தலைசாய்ந்தார். வயது 24. முடிந்தது என்று எண்ணிய வேளையில் கண்களைத் திறந்து மேல்நோக்கினார். அந்தப் பார்வை ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் நீடித்ததென்று அருகிலிருந்தவர்கள் குறித்திருக்கிறார்கள்.