நிலக்கீழ்ப் புகையிரதம் வேண்டிய சட்டத்தரணி

இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதத்தைப் பற்றிக் கேள்வியுறாதார் நம்மிடையே அரியர். ஆயினும், அதனை வேண்டிப் பதினேழு ஆண்டுகள் வாதாடியவர் பொறியியலாளருமல்லர், பெருமுதலாளியுமல்லர். நகரசபையின் சட்டத்தரணி ஒருவர் என்பதை அறிந்தோர் சிலரே. சார்ள்ஸ் பியர்சன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை நம் மாணவர்க்கேனும் எடுத்துரைக்க வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

1793இல் இலண்டனில் மெத்தை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1816இல் சட்டத்தரணியானார். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குக் கத்தோலிக்கரே காரணர் என்று ஞாபகத்தூணில் பொறிக்கப்பட்டிருந்த பழியை அகற்றுவிக்கப் பாடுபட்டார். யூதர் தரகுத் தொழில் செய்தலாகாது என்ற தடையையும் எதிர்த்தார். 1839 முதல் தம் இறுதிநாள்வரை நகரசபைச் சட்டத்தரணியாக விளங்கினார். இடையே 1847 தொடக்கம் 1850 வரை லம்பெத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அக்காலத்து இலண்டன் விரைந்து பெருத்தது. 1801இல் ஏறக்குறைய 10 இலட்சமாயிருந்த குடித்தொகை 1851இல் 23 இலட்சத்தைக் கடந்தது. குதிரைகள் இழுத்த ஒம்னிபஸ் வண்டியின் கட்டணம் கூலியாளனுக்கு எட்டாதது. ஆதலால் அவன் வேலைத்தலத்துக்கு அருகே, காற்றும் ஒளியும் புகாத சேரியில், ஓர் அறைக்குள் குடும்பத்தோடு ஒடுங்கிக் கிடந்தான். சேரியின் நெருக்கடிக்கு மருந்து பிரயாணக் கட்டணத்திலும் உண்டு என்பதைப் பியர்சன் கண்டார். நகருக்கு வெளியே தொழிலாளருக்குத் தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகள். அங்கிருந்து நகரின் நடுவே வந்துசேர மலிவான புகையிரதம். இவ்விரண்டும் சேர்ந்ததே அவருடைய திட்டம். 1845இல் வெளியிட்ட பிரசுரத்தில், பிளீற் பள்ளத்தாக்கின் கீழே காற்றழுத்தத்தால் வண்டிகளைச் செலுத்தலாம் என்றார். பலர் நகைத்தனர். 1846இல் அமைந்த அரச ஆணைக்குழுவும் நகரின் நடுப்பகுதிக்குள் புகையிரதம் புகலாகாது என்று முடிவு செய்தது.

அவர் வாழ்க்கையில் என்னை மிகக் கவர்ந்த பகுதி இதன் பின்னரே வருகிறது. வெறுஞ்சொல்லால் பயனில்லையென உணர்ந்த பியர்சன், நகருக்குள் வரும் முக்கிய வழிகளில் ஆட்களை நிறுத்தி, வருவோரையும் போவோரையும் எண்ணச் செய்தார். 1850களின் நடுப்பகுதியில் அக்கணக்கைப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வைத்தார். நாள்தோறும் ஒம்னிபஸ்ஸில் வந்தோர் 44,000. புகையிரதத்தில் வந்தோர் 27,000. கால்நடையாக வந்தோரோ 2,00,000! வண்டிகளின் நெரிசலையே கண்டு பேசிய கனவான்களின் கண்ணுக்கு, நடந்து வந்த அத்தனை பேரும் அதுகாறும் படவேயில்லை.

1854இல் மெற்றோபொலிற்றன் புகையிரதச் சட்டம் நிறைவேறியது. ஆனால் கிரிமியப் போர்க்காலத்தில் பணம் திரட்டல் அரிதாயிற்று. திட்டம் சாகக்கிடந்தபோது, நகரசபையை 2,00,000 பவுண் பங்கு முதலிட இணங்கச் செய்தவர் பியர்சனே. 1860இல் வேலை தொடங்கியது. பாதை வெட்டுவதற்காகவும் புதுவீதிக்காகவும் பிளீற் பள்ளத்தாக்கின் சேரிகள் இடிக்கப்பட்டன. வாடகைக்கிருந்த ஏழைகள் நட்டஈடின்றி வெளியேறினர். அவர்களுக்கென எண்ணிய வீடுகளோ கட்டப்படவில்லை. திட்டத்தின் ஒரு பாதி கைவிடப்பட்டதால் மறுபாதியில் படிந்த மாசு இஃது என்பேன்.

கம்பனி அளிக்க முன்வந்த வெகுமதியை அவர் ஏற்கவில்லை. 1862 யூன் மாதத்தில் பிளீற் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து பாதையை வெள்ளக்காடாக்கியது. அதே ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, நீர்க்கோவை நோயால் பியர்சன் காலமானார். நான்கு மாதங்கூடக் கழியவில்லை. 1863 சனவரி 10இல் பாடிங்டனிலிருந்து பரிங்டன் வரை பாதை திறக்கப்பட்டு, முதல் நாளிலேயே ஏறக்குறைய 38,000 பேர் பிரயாணஞ் செய்தனர்.

ஆயினும் மூன்றாம் வகுப்பில் ஒருவழிக் கட்டணமே 3 பென்ஸ். அவர் கேட்டது இதுவன்று. 1864 மே மாதத்திலேதான் அதிகாலை 5.30க்கும் 5.40க்கும் தொழிலாளர் வண்டிகள் ஓடத் தொடங்கின. போகவர 3 பென்ஸ். மலிவு வண்டிகளை ஓட்டுமாறு கம்பனிகளைப் பணிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்த சட்டம் 1883இல் வந்தது. அப்போது பியர்சன் மறைந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.