அரசர்களின் கருணையை நம்பாத வரலாற்றுப் பேராசிரியர்

பிரான்சு மன்னர்கள் 1315, 1318 ஆகிய ஆண்டுகளில் தம் நிலங்களிலிருந்த பண்ணையடிமைகளை விடுவிக்க ஆணை பிறப்பித்தனர். மனிதர் இயல்பிலேயே சுதந்திரமானவர் என்ற கருத்து அவ்வாணையில் இடம்பெற்றிருந்ததால், மன்னர்களின் பெருங்கருணைக்கு அது சான்றாகப் போற்றப்பட்டது. 1920இல் வெளியான தமது ஆய்வேட்டில் மார்க் பிளாக் அப்போற்றுதலைக் கேள்விக்கு உட்படுத்தினார். கருவூலத்தை நிரப்ப வேண்டியிருந்த அரசு, விடுதலையை விலைக்கு விற்றது என்பதை அவர் ஆவணங்களின் வழி நிறுவினார். அடிமைப்பட்டோர் தம் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொடுத்தே விடுதலை பெற வேண்டியிருந்தது.

1886 சூலை 6 அன்று லியோன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பிளாக். தந்தை குஸ்தாவும் வரலாற்றுப் பேராசிரியர். முதல் உலகப் போரில் சார்ஜண்டாகக் களம் புகுந்த மகன், கேப்டனாகத் திரும்பினார். 1919இல் சிமோன் விடாலை மணந்தார். அதே ஆண்டு ஸ்டிராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். ஆறு பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டில், கணவரின் எழுத்துப் பணியில் சிமோன் உற்ற துணையாக இருந்தார்.

மன்னர் தொட்டால் கண்டமாலை நோய் நீங்கும் என்ற நம்பிக்கை பிரான்சிலும் இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அது எவ்வாறு தோன்றியது, யாருக்குப் பயன்பட்டது என்பதை 1924இல் வெளியான நூலில் பிளாக் ஆராய்ந்தார். 1929இல் லூசியன் ஃபெவ்ருடன் இணைந்து 'அன்னால்' ஆய்விதழைத் தொடங்கினார். போர்களையும் அரச வம்சங்களையும் மட்டுமே வரலாறாகக் கொள்ளாமல், வயல், கலப்பை, கூலி, நம்பிக்கை ஆகியவற்றையும் வரலாற்றின் பொருளாக ஏற்ற ஆய்வுமரபு அவ்விதழைச் சுற்றி வளர்ந்தது. 1936இல் அவர் பாரிசின் சோர்போனுக்குச் சென்றார்.

1939இல் மீண்டும் போர் மூண்டபோது அவருக்கு வயது 53. ஆறு பிள்ளைகளின் தந்தை என்ற முறையில் விலக்குப் பெற்றிருக்கலாம். ஆயினும் விரும்பிப் படையில் சேர்ந்தார். 1940இல் பிரான்சு வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விஷி அரசு இயற்றிய சட்டம், பிறப்பை மட்டுமே காரணமாகக் காட்டி யூதர்களை ஆசிரியப் பணியிலிருந்து நீக்கியது. நாட்டுக்காக இரு போர்களில் நின்ற பேராசிரியரும் அச்சட்டத்தின் முன் யூதர் மட்டுமே. சிலருக்கு அளிக்கப்பட்ட சிறப்பு விலக்கினால் கிளெர்மோன் ஃபெரானிலும் மோன்பெலியேயிலும் சிறிது காலம் கற்பித்தார். பாரிசில் இருந்த அவரது நூலகத்தை ஜெர்மானியர் கைப்பற்றினர். அவர் தொடங்கிய ஆய்விதழிலேயே புனைபெயரில் எழுத நேர்ந்தது.

அமெரிக்காவில் பணியாற்ற அழைப்பு வந்தது. ஆனால் மூத்த பிள்ளைகளுக்கும் முதிய தாய்க்கும் நுழைவு அனுமதி கிடைக்கவில்லை. அவர்களை விட்டுச் செல்ல அவர் உடன்படவில்லை. எந்தச் சமயத்தையும் பின்பற்றாத அவர், 1941இல் எழுதிய இறுதி விருப்பத்தில் தமது யூதப் பிறப்பை ஒருபோதும் மறைத்ததில்லை எனப் பதிவு செய்தார். உண்மையை நேசித்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

1943இல் லியோனில் தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இணைந்தார். தம் மாணவர் வயதுடைய இளைஞர்களோடு சேர்ந்து செய்தி சுமந்தார், கூட்டங்களை ஒருங்கிணைத்தார். 1944 மார்ச் 8 அன்று கைதானார். கெஸ்டபோ அவரைச் சித்திரவதை செய்தது. சூன் 16 இரவு, சேன் டிடியே டெ ஃபோர்மான் என்ற ஊருக்கு அருகே ஒரு வயலில், வேறு பல கைதிகளுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். நோயுற்றிருந்த சிமோன், சூலை 2 அன்று லியோனில் இறந்தார்.

வரலாற்றால் என்ன பயன் என்று ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்கும் கேள்வியுடன் அவரது கடைசி நூல் தொடங்குகிறது. அவர் முடிக்காமல் விட்ட அந்நூலை 1949இல் ஃபெவ்ர் பதிப்பித்தார். தேசத்தின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியோனில் பிளாக்குக்கும் இடம் தரப்படும் எனப் பிரான்சின் அதிபர் 2024 நவம்பரில் அறிவித்தார். பிறப்பைக் காட்டி அவரை வெளியேற்றிய சட்டமும் ஒரு பிரெஞ்சு அரசு இயற்றியதே. அரசு அளிக்கும் பெருமையைக் கொண்டாடும்போது, அவ்வரசின் பழைய ஆவணங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதே பிளாக் தம் மாணவர்களுக்குக் கற்பித்த முறை.